பூட்டனின் கிணற்றுக்கு எழுபத்தேழு பாகம்

என் மகள் என் பூட்டனின் கிணற்றுக்குள் முக்கால் மணித்தியாலம் இருந்தாள். இப்போது நலமாக இருக்கிறாள். கணுக்காலில் ஒரு வெடிப்பு, அது பொருந்திவிட்டது. அவளுடைய கைபேசி மட்டும் இன்னும் கிணற்றுக்குள்தான். இதை முதலே சொல்லிவிடுகிறேன். யாருக்கு இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினாலும் அவர்கள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "பிள்ளை இருக்குதோ?" என்றுதான் கேட்கிறார்கள். இருக்கிறாள்.

அவள் விழுந்தது என்னுடைய பிழையால். அதை நான் கண்டுபிடித்தது அவள் விழுந்து ஐந்தாம் நாள். அவளிடம் சொன்னது பத்தொன்பதாம் நாள். இடையில் பதினான்கு நாட்கள் கிடக்கின்றன. அவற்றைச் சொல்வதற்கு முன் ஒரு பழைய காணிப் படத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. பூட்டனுக்கு இறக்கக்கண்டிப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் காணி இருந்ததாம். குதிரை வண்டி இருந்ததாம். ஏதோ ஒரு துரையோடு வந்த மனக்கசப்பில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திருகோணமலைக்கு வந்து துறைமுகத்தில் கூலி வேலைக்குச் சேர்ந்தாராம். என்ன மனக்கசப்பு என்று யாருக்கும் தெரியாது. கண்ணுக்கெட்டிய தூரம் என்றால் எவ்வளவு என்று நான் சின்ன வயதில் பெரியப்பாவிடம் கேட்டிருக்கிறேன். அவர் கையை நீட்டிக் காட்டினார். கை சுவரில் முட்டியது.

போன வருடம் அப்பா காலமானபின் அவருடைய அலுமாரியைத் துப்புரவாக்கும்போது ஒரு பழைய காணி உறுதிப் பத்திரத்தின் பாதி கிடைத்தது. மற்றப் பாதியைக் கறையான் எடுத்திருந்தது. மிஞ்சிய பாதியில் ஊரின் பெயரும் காணித் துண்டின் இலக்கமும் இருந்தன. அந்த இலக்கத்தை வைத்து விண்ணப்பம் எழுதி, வெள்ளைக்காரர் காலத்தில் அளந்து வரைந்த கிராமப் படத்தின் பிரதி ஒன்றை எடுத்தேன். எல்லாம் முறைப்படி, முத்திரையோடு.

அழகான படம். வீதி, வீதியில் ஒரு மதகு, மதகடியிலிருந்து மேற்கே போகும் ஒரு ஒற்றையடிப் பாதை. பாதையின் இரு பக்கமும் காணித் துண்டுகள். வீடு என்றால் ஒரு கறுப்புச் சதுரம், கிணறு என்றால் ஒரு சின்ன வட்டம். மூலையில் அளவிடை எழுதியிருந்தது: ஓர் அங்குலம் இரண்டு சங்கிலி. சங்கிலி என்பது அந்தக் கால நில அளவைக்காரரின் அளவு, அறுபத்தாறு அடி. படத்தோடு ஒரு பட்டியலும் வந்தது. எங்கள் துண்டுக்கு நேரே பூட்டனின் பெயர். அதன் கீழே: முக்கால் ஏக்கர், தோட்டம், குடிமனை ஒன்று, கிணறு ஒன்று, தென்னை பதினொன்று. குதிரை வண்டியைப் பற்றிக் குறிப்பு எதுவும் இல்லை.

மகளுக்கு வயது இருபது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருக்கிறாள். காத்திருப்பது என்றால் கதிரையில் கால் நீட்டிக்கொண்டு கைபேசி பார்ப்பது. அவள் பட்டியலை வாங்கி வாசித்தாள்.

"பதினொரு தென்னை. அம்மா, நாங்கள் பெரிய ஆக்கள்தான்."

அதற்குப் பிறகு அவள்தான் என்னைவிட ஆர்வமாக நின்றாள். போய்ப் பார்க்கவேண்டும் என்றாள். காணியைக் கேட்கும் எண்ணம் எங்கள் யாருக்கும் இல்லை. பார்த்துவிட்டு வருவதுதான்.

நான் எங்கே போவதென்றாலும் முதலில் அங்கே என்னென்ன நடக்கலாம் என்று எழுதிவைப்பேன். உப்புவெளியில் எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்து போவதற்கே என்னிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. இறக்கக்கண்டிக்கு எழுதிய பட்டியலில் முதலாவது கண்ணிவெடி. அந்தப் பகுதிக் கிராம அலுவலரைத் தொலைபேசியில் மூன்று தரம் கூப்பிட்டுக் கேட்டேன். மூன்றாம் தரம் அவர் சொன்னார்:

"டீச்சர், அங்க மாடு மேயுது. ஒரு மாட்டுக்கும் ஒண்டும் ஆகேல்ல."

"எத்தினை மாடு?" என்று கேட்டேன். அவர் தொடர்பைத் துண்டித்துவிட்டார்.

இரண்டாவது யானை. மூன்றாவது பாம்பு, அதற்காக மகளுக்கு முழங்கால்வரை வரும் சப்பாத்து வாங்கினேன். நான்காவது பாழடைந்த கிணறு. அதற்குத்தான் படம் இருந்ததே. மதகிலிருந்து கிணறு எவ்வளவு தூரம் என்று படத்தில் அளந்து, அந்த இடம் வரும்வரை பிள்ளையின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு போவது என்று முடிவு செய்தேன். கிணற்றைப் பற்றி நான் யோசிக்கவில்லை என்று ஒருவரும் சொல்ல ஏலாது.

முத்திரை குத்திய படத்தைப் பற்றைக் காட்டுக்குள் கொண்டுபோக மனம் வரவில்லை. சந்தியில் இருக்கும் நகல் எடுக்கும் கடைக்குப் போனேன். கடையில் இருந்த பெண்ணிடம் நான் சொன்ன வசனம் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது.

"தங்கச்சி, இதைக் கைப்பையில வைக்கிற அளவுக்குச் சின்னதாக்கித் தாங்கோ."

அவள் சின்னதாக்கித் தந்தாள். மழை பட்டாலும் கெடாதபடி பிளாஸ்டிக் உறையும் ஒட்டித் தந்தாள். நான் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, அந்தப் பிளாஸ்டிக்கின் மேல் அடிமட்டத்தை வைத்து அளந்தேன். மதகிலிருந்து கிணற்று வட்டத்துக்கு இரண்டரை அங்குலம், ஒரு நூல் குறையும். ஓர் அங்குலம் இரண்டு சங்கிலி. ஆகவே ஐந்து சங்கிலி.

நான் இருபத்துநான்கு வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறேன். அதை இந்த இடத்தில் சொல்வதுதான் நேர்மை.

என் கணவர் துறைமுகத்தில் படகுப் பகுதியில் வேலை செய்கிறார். உப்புவெளி மீன்பிடிக் குடும்பம். எதையும் பாகத்தில்தான் அளப்பார். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், ஆறு அடி. ஒரு சங்கிலிக்கு எத்தனை பாகம் என்று கேட்டார். கணக்குப் பார்த்தேன், சரியாகப் பதினொன்று.

"மிச்சமில்லாமலோ?"

"மிச்சமில்லாமல்."

"அப்ப அளந்த துரையும் எங்கட ஆள்தான்," என்று சொல்லிவிட்டுப் பதினொரு பாகத்தில் ஒரு கயிறு வெட்டினார். ஐந்து தரம் பிடித்தால் கிணறு. ஐம்பத்தைந்து பாகம்.

ஒரு சனிக்கிழமை காலை மூன்று பேரும் ஓட்டோவில் போனோம். நான் கொண்டுவந்த பைகளைப் பார்த்து அவர், "சந்திரனுக்குப் போற ஆக்களும் இவ்வளவு கொண்டுபோறேல்ல," என்றார். மதகு படத்தில் இருந்த இடத்திலேயே இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒற்றையடிப் பாதை இல்லை, ஆனால் பற்றைகளுக்கு நடுவே மாடு போன தடம் அதே திசையில் போனது. அவர் கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். மற்ற நுனி என் ஒரு கையில், மகள் மற்றக் கையில்.

"அம்மா, எனக்கு இருபது வயசு."

"தெரியும். கையைத் தா."

ஐந்தாவது கயிறு முடிந்த இடத்தில் தரை பள்ளமாக இருந்தது. வட்டமான பள்ளம், முழங்கால் ஆழம், நடுவில் காய்ந்த சேறு. கட்டுக்கல் எதுவும் தெரியவில்லை. கிணறு தூர்ந்துபோய்விட்டது என்று நான் அறிவித்தேன். கணக்கு அவ்வளவு துல்லியமாக வந்ததில் கண் கலங்கியது. கற்பூரம் கொளுத்தினோம். அவர் ஒரு தேங்காய் உடைத்தார். பள்ளத்தைச் சுற்றி நின்று படம் எடுத்துக் குடும்பக் குழுமத்துக்கு அனுப்பினோம். கனடாவில் இருக்கும் என் தங்கை உடனே கைகூப்பும் படம் ஐந்து அனுப்பினாள்.

பிறகு நான் மகளின் கையை விட்டேன்.

"இனிப் பயமில்லை. கிணறு இதுதான், தூர்ந்துபோச்சு. நீ முன்னால போ."

போனாள். சிரித்துக்கொண்டு, கையை வீசிக்கொண்டு போனாள். இருபது பாகம் தூரம் போயிருப்பாள். அலறல் எதுவும் கேட்கவில்லை. காய்ந்த கொடி முறிகிற சத்தம், பிறகு தண்ணீர்ச் சத்தம், பிறகு ஒன்றும் இல்லை. எவ்வளவு நேரம் ஒன்றும் இல்லாமல் இருந்தது என்று எனக்குத் தெரியாது. கணவர் ஐந்து விநாடி என்கிறார். பிறகு தரைக்குக் கீழேயிருந்து அவள் குரல் வந்தது.

"அம்மா, கிணறு தூரேல்ல."

பன்னிரண்டு அடி இருக்கும். இடுப்பளவு தண்ணீர், அடியில் சேறு. அந்தச் சேறுதான் காப்பாற்றியது. நான் விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டேன். என் கணவர் உதவிக்கு ஆள் தேடி ஓடினார்.

"பாம்பு ஏதும் கிடக்குதோ பார்."

"நான் ஏன் அதைத் தேடுறன்?"

தலையில் அடிபட்டிருந்தால் நித்திரையாக விடக்கூடாது என்று எங்கேயோ வாசித்திருக்கிறேன். பதினேழாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன். சொன்னாள். கிணற்றுக்குள் இருந்து வாய்ப்பாடு நல்ல முழக்கமாக வந்தது. எட்டுப் பதினேழில் தடக்கி நின்றாள். எனக்கு உயிர் போய்விட்டது. அந்த நேரம் திரும்பி வந்த கணவர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்:

"பதறாதையும். அவள் மேல இருக்கேக்கையும் அதில தடக்கிறவள்தான்."

அவருக்குப் பின்னால் ஒரு பெண், அந்தப் பக்கம் ஆடு வளர்க்கிறவர், ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். ஏணியை இறக்கி, தானே இரண்டு படி இறங்கி, மகளின் இடுப்பில் எங்கள் கயிற்றைக் கட்டுவித்து, ஒவ்வொரு படியாக ஏற்றிவிட்டார். கயிறு அதற்கு உதவியது. மகளை மேலே எடுத்தபின் அந்தப் பெண் என்னைப் பார்த்தார்.

"இந்தக் கெணறு இங்க இரிக்கிறது எல்லாருக்கும் தெரியுமே தங்கச்சி. ஒரு சொல்லுக் கேட்டிருந்தா நானே கூட்டிவந்து காட்டியிருப்பனே."

கண்ணிவெடியைப் பற்றித்தான் விசாரித்தோம் என்று சொன்னேன்.

"அங்கால தேங்கா ஒடைச்சது நீங்களா?"

"ஓம். கிணறு எண்டு நினைச்சு."

அவர் சிரிக்கவில்லை. பெரிய மனது உள்ளவர். "அது எருமை பொரள்ற பள்ளம்," என்றார்.

வைத்தியசாலை, கால்கட்டு, வீடு. அடுத்த நாளிலிருந்து பார்க்க ஆட்கள் வந்தார்கள். அப்பிள், திராட்சை, பால்மா. மகள் முன்னறையில் கதிரையில் இருந்து, இன்னொரு கதிரையில் காலை வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் முழுக் கதையும் சொன்னாள். நன்றாகவே சொன்னாள். யாராவது, "டீச்சருக்குக் கணக்குப் பிழைச்சிட்டுதோ?" என்று பகிடியாகக் கேட்டால் உடனே குறுக்கிடுவாள்.

"அம்மான்ர கணக்குச் சரி. படம்தான் பிழை. அந்தக் காலத்து ஆக்கள் ஏனோதானோ எண்டு கீறியிருக்கினம்."

கணவரும் ஒத்துப் பாடினார். வெள்ளைக்காரன் வெயிலில் நிற்கமாட்டாமல் மரத்தடியில் இருந்து குத்துமதிப்பாகக் கீறியிருப்பான் என்றார். நானும் தலையாட்டினேன். முதல் நாலு நாளும் அதை உண்மையென்று நம்பித்தான் தலையாட்டினேன்.

ஐந்தாம் நாள் பள்ளிக்கூடத்தில் தவணைப் பரீட்சைத் தாள்களை நகலெடுத்துக்கொண்டிருந்தோம். கடதாசி தட்டுப்பாடு. இரண்டு பக்கத்தை ஒரு பக்கத்தில் சுருக்கி எடுப்போம் என்று நான் சொன்னேன். எட்டாம் வகுப்புத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆசிரியை தயங்கினார்.

"மிஸ், இதில அளவிடைக் கேள்வி இருக்கு. சின்னதாக்கக் கூடாது எண்டு நீங்கள்தானே எழுதி ஒட்டினது."

இயந்திரத்துக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தது. என்னுடைய கையெழுத்து, சிவப்பு மையில். "அளவிடை, வரைபடம் உள்ள வினாக்களைச் சுருக்கி நகல் எடுக்க வேண்டாம். பிள்ளைகள் அளக்கும்போது விடை மாறும்." முன்பொரு தவணையில் இந்தப் பிழையை வேறொருவர் செய்து, ஒரு வகுப்பே தப்பான விடை எழுதியபோது, நான் கோபத்தோடு எழுதி ஒட்டியது. கீழே இரண்டு கோடு இழுத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து முத்திரை குத்திய படத்தை விரித்து அளந்தேன். மூன்றரை அங்குலம். ஏழு சங்கிலி. எழுபத்தேழு பாகம். ஏழாவது கயிற்றின் நுனியில் கிணறு இருந்திருக்கிறது, வெள்ளைக்காரர் காலத்திலிருந்து அசையாமல். படத்தில் ஒரு அடி பிழையில்லை. அளவிடைக்குப் பக்கத்தில் ஒரு அளவுக்கோடும் வரைந்திருந்தார்கள். அந்தக் கோட்டை வைத்து அளந்திருந்தால் சின்னதாக்கிய படத்திலும் சரியாக வந்திருக்கும், படத்தோடு சேர்ந்து கோடும் சுருங்கியிருக்குமே. நான் அளவிடை எண்களை மட்டும் பார்த்தேன்.

முன்னறையில் மகள் யாருக்கோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். "அம்மான்ர கணக்குச் சரி," என்றது எனக்குக் கேட்டது.

நான் அப்போதே வெளியே போய்ச் சொல்லியிருக்கவேண்டும். போகவில்லை. கணக்குப் பிழைத்தது வெட்கம்தான், ஆனால் வெட்கத்தை நான் தாங்குவேன். வேறு ஒன்றை நினைத்துத்தான் பயந்தேன். "இனிப் பயமில்லை, நீ முன்னால போ" என்று நான் சொன்னேன், அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள். இருபது வருடத்தில் அந்த வசனத்தை நான் அவளிடம் சொன்னது மிகக் குறைவு. சொன்னபோதெல்லாம் அவள் அப்படித்தான் போனாள். இன்னும் சில மாதத்தில் வேறு ஊரில் தனியே இருக்கப்போகிறாள். உண்மை தெரிந்தால் இனி நான் சொல்லி ஓர் அடியும் எடுத்துவைக்கமாட்டாள் என்று பட்டது.

பதினான்கு நாட்களில் மூன்று தரம் முயன்றேன். முதல் தரம் பிட்டும் மீன் குழம்பும் செய்து பக்கத்தில் போய் இருந்து, "பிள்ளை, ஒரு கதை," என்று தொடங்கினேன். வாசலில் மச்சாள் அப்பிளோடு வந்து நின்றார். இரண்டாம் தரம், சொல்ல வாய் வராது என்று, ஒரு தாளில் படிமுறையோடு எழுதினேன். மூலப்படத்தில் தூரம், நகலில் தூரம், விகிதம், ஆகவே வித்தியாசம் இருபத்திரண்டு பாகம். விடையின் கீழே கோடு இழுத்து அவள் தலையணைக்கு அடியில் வைத்தேன். கால் மணித்தியாலத்தில் திரும்ப எடுத்துவிட்டேன். மூன்றாம் தரம் கணவரிடம் முதலில் சொல்லிப் பார்ப்போம் என்று அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் புதிய கைபேசிக்கு விலை பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

பத்தொன்பதாம் நாள் மகளின் காலைக் காட்ட வைத்தியசாலைக்குப் போனோம். எங்கள் முறை வரும்வரை நீள மர வாங்கில் இருந்தோம். பக்கத்தில் இருந்த ஒரு தாய் மகளின் காலைப் பார்த்து என்ன நடந்தது என்று விசாரித்தாள். மகள் தொடங்கினாள். மதகு, கயிறு, பள்ளம், தேங்காய். "அம்மான்ர கணக்குச் சரி," என்ற இடம் வந்தது.

"சரியில்லை," என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். படத்தைச் சின்னதாக்கச் சொன்னது, அதில் அளந்தது, சுவரில் ஒட்டியிருந்த என் எழுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். அந்தத் தாய் எழுந்து வேறு வாங்குக்குப் போய்விட்டாள். மகள் கால்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப தெரியும்?"

"ரெண்டு கிழமை."

"விழுந்தது பரவாயில்லை. நான் எல்லாருக்கும் உங்களுக்காகக் கதைச்சனான்."

"ஓம்."

"கனடாச் சித்திக்கும் சொன்னனான்."

"ஓம்."

"நீங்கள் பக்கத்தில இருந்து தேத்தண்ணி குடிச்சனீங்கள்."

"ஓம்."

அதற்குப் பிறகு மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. சாப்பிட்டாள், மருந்து எடுத்தாள், கேட்டால் தலையாட்டினாள். கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வெள்ளைக்காரனிட்ட மன்னிப்புக் கேக்கவேணும்," என்றார். அன்று மாலை குடும்பக் குழுமத்தில் மகளின் பெயரில், புதிய கைபேசியிலிருந்து, ஒரு வரி வந்தது: "படம் சரி. அம்மாதான் பிழை." தங்கை கைகூப்பும் படம் அனுப்பினாள். ஒன்றே ஒன்று.

நாலாம் நாள் அவள் ஊன்றுகோலோடு என் மேசைக்கு வந்தாள்.

"முத்திரை குத்தின படத்தைத் தாங்கோ."

கொடுத்தேன். அடிமட்டம் கேட்டாள். அதையும் கொடுத்தேன். கிணற்றிலிருந்து கறுப்புச் சதுரத்துக்கு, அதாவது பூட்டனின் வீட்டுக்கு, தூரத்தை அளவிடை எண்களை வைத்து ஒரு தரம் அளந்தாள், அளவுக்கோட்டை வைத்து ஒரு தரம் அளந்தாள். பிறகு ஒரு தாளில் எழுதிய எல்லாவற்றையும் அழித்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து அளந்தாள். நான் எட்டிப் பார்த்தபோது கையால் மறைத்தாள். பரீட்சை மண்டபத்தில் நல்ல பிள்ளைகள் மறைப்பதுபோல.

"கட்டு வெட்டினாப் பிறகு போவம்," என்றாள்.

"நீயும் வாறியோ?"

"நான் அளக்கிறன். நீங்கள் முன்னால நடக்கிறீங்கள்."

போன மாதம் போனோம். இந்த முறை முதலில் ஆட்டுக்காரப் பெண்ணின் வீட்டுக்குப் போய்க் கேட்டோம். கிணற்றைச் சுற்றி அவரே முட்கம்பு நட்டு வைத்திருந்தார். வீட்டைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை, அந்தப் பக்கம் ஆடும் போவதில்லை என்றார். ஆடு ஏன் போவதில்லை என்று கேட்டேன். மகள் என்னைப் பார்த்தாள். அதோடு விட்டுவிட்டேன்.

என் கையில் ஒரு நீண்ட தடி. கணவர் கிணற்றடியில் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் மற்ற நுனியோடு எனக்குப் பின்னால். நான் தடியால் தரையைக் குத்தி, குத்திய இடத்தில் கால் வைத்து, பற்றைக்குள் போனேன்.

"இன்னும் எத்தினை பாகம்?"

"கதையாம நடவுங்கோ."

"இடப்பக்கம் பள்ளம் மாதிரிக் கிடக்கு."

"நேர போங்கோ. படத்தில அங்க ஒண்டும் இல்லை."

நேரே போனேன். வியர்த்தது. இடப்பக்கத்தை மட்டும் இரண்டு தரம் கூடுதலாகக் குத்திப் பார்த்தேன், அதை அவள் பார்த்திருப்பாள். கயிறு இழுபட்டு நின்றது. கணவர் கிணற்றடியை விட்டு முன்னால் வந்தார். மறுபடியும் கயிறு, மறுபடியும் தடி. மூன்றாவது கயிற்றின் பாதியில் அவள், "நில்லுங்கோ," என்றாள்.

நின்றேன். என் காலடியில் இலைச் சருகு. தடியால் குத்தினேன். கல்லில் பட்டது. பக்கத்தில் குத்தினேன், அதிலும் கல். வரிசையாக இருந்தது, ஒரு வீட்டின் அத்திவாரம்போல.

"அம்மா, அசையாதேங்கோ."

திரும்பிப் பார்த்தேன். அவள் தாளை இன்னொரு தரம் பார்த்து, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தாள். பிறகு என்னை நோக்கி நடந்து வந்தாள், கீழே பார்த்துக்கொண்டு, நான் கால் வைத்த இடத்தில் மட்டும் கால் வைத்து.